மதராஸில் கண்டுபிடிக்கப்பட்ட கோள்

எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் விடிந்தால் ஒரு பெருமை வந்து விழும். இதை முதலில் கண்டுபிடித்தது நாங்கள்தான், அதை முதலில் சொன்னது நாங்கள்தான் என்று. பெரும்பாலானவற்றை நான் திறப்பதே இல்லை. போன மாதம் பெரியப்பா அனுப்பிய ஒன்றை மட்டும் திறந்தேன். சூரிய குடும்பத்துக்கு வெளியே இருக்கும் ஒரு கோளை உலகத்திலேயே முதலில் கண்டுபிடித்தது சென்னையில்தானாம், அதுவும் 1855இல்.

தேடிப் பார்த்தேன். ஊர் சரி. ஆண்டும் சரி. கோள்தான் இல்லை.

அதை அறிவித்தவர் தமிழரும் இல்லை. வில்லியம் ஸ்டீபன் ஜேக்கப் என்ற ஆங்கிலேயர், பம்பாய் இன்ஜினியர்ஸ் படைப்பிரிவின் கேப்டன், அப்போது மதராஸ் வானாய்வகத்தின் தலைவர். இதோடு "பொய்ச் செய்தி" என்று பதில் போட்டுவிட்டு என் வேலையைப் பார்த்திருக்கலாம். ஆனால் அவர் எப்படி அந்த முடிவுக்கு வந்தார் என்று படிக்கப் படிக்க, இன்று புறக்கோள்களைத் தேடுகிறவர்கள் நேற்றுவரை மோதிக்கொண்டிருக்கும் அதே சுவரில்தான் அவரும் மோதியிருக்கிறார் என்று தெரிந்தது. அதனால்தான் இந்தப் பதிவு. கொஞ்சம் நீளமானது. தேநீர் ஒன்று போட்டுக்கொண்டு வாருங்கள்.

முதலில் ஒரு அடிப்படை விஷயம். நம் சூரியன் தனி ஆள். ஆனால் வானத்தில் உள்ள விண்மீன்களில் நிறையப் பேருக்குத் துணை உண்டு. இரண்டு விண்மீன்கள் ஒன்றின் ஈர்ப்பில் மற்றொன்று கட்டுண்டு, இரண்டுக்கும் பொதுவான ஒரு மையத்தைச் சுற்றிக்கொண்டே இருக்கும். 2010இல் சூரியனைப் போன்ற, நமக்கு அருகில் உள்ள 454 விண்மீன்களை ஆராய்ந்தபோது, ஏறத்தாழ பாதிக்குக் குறைந்தது ஒரு துணையாவது இருந்தது. மூன்று நான்கு பேர் கொண்ட கூட்டுக்குடும்பங்களும் உண்டு.

எங்கள் கல்யாணங்களில் அம்மி மிதித்து அருந்ததி பார்க்கும் சடங்கை நீங்கள் கண்டிருப்பீர்கள். ரொறன்ரோவில் காலை பத்து மணிக்கு, மண்டபத்தின் கூரையைத்தான் ஐயர் காட்டுவார்; மாப்பிள்ளையும் பெண்ணும் ஏர் கண்டிஷனரைப் பார்த்துத் தலையாட்டுவார்கள். அது போகட்டும். வசிட்டரும் அருந்ததியும் சப்தரிஷி மண்டலத்தில் வெறும் கண்ணுக்கே அடுத்தடுத்துத் தெரியும் இரண்டு விண்மீன்கள். மேற்கத்தியர் வைத்த பெயர்கள் மிசார், அல்கோர். 1617இல் கலிலியோவின் மாணவர் பெனடெட்டோ காஸ்டெல்லி தொலைநோக்கியில் பார்த்தபோது மிசாரே இரண்டாகப் பிரிந்து தெரிந்தது. 1889இல் அமெரிக்காவில் எட்வர்ட் பிக்கரிங் அதன் ஒளியை நிறமாலையாகப் பிரித்துப் பார்த்தபோது, அந்த இரண்டில் ஒன்று மறுபடியும் இரண்டு என்று தெரிந்தது. பிறகு மற்றதும் அப்படியே. 2009இல் அருந்ததிக்கும் ஒரு மங்கலான துணை அகப்பட்டது. ஆக, மணமேடையிலிருந்து நாம் காட்டும் அந்த ஜோடி உண்மையில் ஆறு பேர்.

ஆரம்ப காலத்தில் இது யாருக்கும் தெரியாது. இரண்டு விண்மீன்கள் ஒட்டிக்கொண்டு தெரிந்தால், ஒன்று கிட்டவும் மற்றது மிகத் தொலைவிலும் இருக்கிறது, தற்செயலாக ஒரே திசையில் தெரிகிறது என்றே நினைத்தார்கள். 401 நெடுஞ்சாலையில் இரவில் போகும்போது, முன்னால் போகும் காரின் விளக்கும் ரொம்பத் தூரத்தில் இருக்கும் கட்டடத்தின் விளக்கும் ஒட்டினாற்போல் தெரியுமே, அதுபோல. 1767இல் ஜான் மிட்செல் என்ற ஆங்கிலேயப் பாதிரியார் ஒரு கணக்குப் போட்டார். விண்மீன்களை வானத்தில் கண்டபடி வாரி இறைத்தால் எத்தனை ஜோடிகள் தற்செயலாக ஒட்டித் தெரியும்? அந்த எண்ணிக்கையைவிட மிக அதிகமாகவே ஜோடிகள் தெரிகின்றன. அப்படியானால் பல ஜோடிகள் நிஜமாகவே சேர்ந்திருக்க வேண்டும். வெறும் நிகழ்தகவுக் கணக்கு. தொலைநோக்கியே தேவைப்படவில்லை.

வில்லியம் ஹெர்ஷல் இதை நம்பவில்லை. அவர் 1779இல் இரட்டை விண்மீன்களைத் தேடத் தொடங்கியதே வேறு காரணத்துக்காக. கிட்ட இருப்பது பூமியின் ஓட்டத்தால் சற்று ஆடித் தெரியும், தூரத்தில் இருப்பது அசையாது, அந்த ஆட்டத்தை வைத்துத் தூரத்தை அளக்கலாம் என்பது அவர் திட்டம். 1782இல் 269 ஜோடிகளின் பட்டியலை வெளியிட்டார். இருபது ஆண்டு கழித்து அதே ஜோடிகளை மறுபடி அளந்தபோது, தான் எதிர்பார்த்த ஆட்டம் கிடைக்கவில்லை. சில ஜோடிகள் ஒன்றையொன்று சுற்றி நகர்ந்திருந்தன! மிட்செல் சொன்னதுதான் சரி என்று 1803இல் அறிவித்தார்.

அந்த 1779ஆம் ஆண்டிலேயே ஹெர்ஷல் கண்ட ஜோடிகளில் ஒன்று 70 ஒபியூக்கி. நம்மிலிருந்து 17 ஒளியாண்டுக்குள் இருக்கும் இரண்டு ஆரஞ்சு நிற விண்மீன்கள். கோடைகால இரவில், நகரத்து வெளிச்சத்தைவிட்டுக் கொஞ்சம் வெளியே போனால் வெறும் கண்ணுக்கு மங்கலான ஒற்றைப் புள்ளியாகத் தெரியும். சிறிய தொலைநோக்கியிலேயே இரண்டாகப் பிரியும். ஜேக்கப்பின் கோள் இங்கேதான் வருகிறது.

அதற்கு முன் ஜேக்கப் வேலை பார்த்த இடத்தைக் கொஞ்சம் பார்ப்போம். 1786இல் வில்லியம் பெட்ரி என்ற கம்பெனி அதிகாரி எழும்பூரில் தன் சொந்தச் செலவில் ஒரு வானாய்வகம் வைத்தார். 1792இல் கிழக்கிந்தியக் கம்பெனி அதை ஏற்று, நுங்கம்பாக்கத்தில் புதிய கட்டடம் கட்டியது. கப்பல்கள் வழி தவறாமல் போகவும், நாட்டை அளந்து வரைபடம் போடவும் கம்பெனிக்கு வானியல் தேவைப்பட்டது. அறிவுத்தாகம் இரண்டாம் பட்சம். கருவியைத் தாங்க நிறுத்திய கருங்கல் தூண் இன்றும் சென்னை வானிலை மைய வளாகத்தில் நிற்கிறது. அதில் லத்தீனோடு தமிழிலும் தெலுங்கிலும் எழுத்துப் பொறித்திருக்கிறார்கள். ஊருக்குப் போகும்போது மாமல்லபுரத்துக்குக் கூட்டிப் போகும் உறவினர்கள் இதற்கும் ஒரு மணி நேரம் ஒதுக்கலாம்.

அங்கே உதவியாளர்களாக இருந்தவர்கள் உள்ளூர்க்காரர்கள். இரவிரவாகக் கண் விழித்து அளந்ததிலும் பகலில் கணக்குப் போட்டதிலும் பெரும்பங்கு அவர்களுடையது. அவர்களில் சிந்தாமணி ரகுநாதாச்சாரி ஜேக்கப் காலத்திலும் அங்கே இருந்தவர். பிறகு 1867இல் ஒளி கூடிக் குறையும் ஒரு விண்மீனைத் தாமே கண்டுபிடித்தார். பெரியப்பாவுக்குப் பெருமைதான் வேண்டுமென்றால் இவரைப் பற்றி அனுப்பலாம். இது உண்மை.

ஜேக்கப் 1848 இறுதியில் மதராஸ் வானாய்வகத்துக்குத் தலைவராக வந்தார். அதற்கு முன்பே பூனாவில் சொந்தமாக ஒரு சிறு தொலைநோக்கியை வைத்து 244 இரட்டை விண்மீன்களை அளந்து பட்டியல் போட்டவர். எனவே 70 ஒபியூக்கியைப் பற்றி அவர் பேசியபோது, அது புதியவரின் பேச்சாக யாருக்கும் படவில்லை.

இரட்டை விண்மீனை அளப்பது என்றால் என்ன? கண் வைக்கும் முனையில் மைக்ரோமீட்டர் என்ற சிறு கருவி இருக்கும். அதில் சிலந்தி நூல் போன்ற மெல்லிய இழைகள். இழையை நகர்த்தி இரண்டு விண்மீன்களுக்கும் இடையே உள்ள தூரத்தை எடுக்க வேண்டும். இழையைச் சுழற்றி, ஒன்றிலிருந்து மற்றொன்று எந்தத் திசையில் இருக்கிறது என்ற கோணத்தை எடுக்க வேண்டும். தூரத்தின் அலகு விகலை. ஒரு பாகையில் 60 கலை, ஒரு கலையில் 60 விகலை. நம் 25 சத நாணயத்தை ஐந்து கிலோமீட்டர் தள்ளிப் பிடித்தால் அது எவ்வளவு சிறிதாகத் தெரியுமோ, அதுதான் ஒரு விகலை. 70 ஒபியூக்கியின் இரண்டு விண்மீன்களும் மிக விலகி நிற்கும்போதே இடைவெளி ஏழு விகலைக்குள்தான். காற்று கலங்கினால் விண்மீன் கொதிக்கும் நீருக்குள் கிடப்பதுபோல் துள்ளும். அளக்கிறவர் தலையைச் சாய்த்துப் பிடித்தால்கூடக் கோணம் கொஞ்சம் மாறும்.

இப்படிப் பலர் பல நாடுகளில் எடுத்த அளவுகளை எல்லாம் சேர்த்து, ஒரு விண்மீன் மற்றதைச் சுற்றும் நீள்வட்டத்தைக் கணித்தார்கள். 70 ஒபியூக்கியில் ஒரு தொல்லை இருந்தது. எந்த நீள்வட்டத்தைப் போட்டாலும் அளவுகள் அதில் சரியாக உட்காரவில்லை. ஒரு காலம் ஒரு பக்கம் விலகின, பிறகு மறு பக்கம் விலகின. ஜேக்கப் அந்த விலகலுக்குள் ஓர் ஒழுங்கு இருப்பதாகக் கண்டார். கண்ணுக்குத் தெரியாத ஏதோ ஒன்று அதில் ஒரு விண்மீனைச் சுற்றிக்கொண்டு அதை இழுக்கிறது. அந்த விண்மீன் போகும் பாதையில் ஆடுகிறது. 1855இல் ராயல் வானியல் கழகத்தின் மாத இதழில் இதை எழுதினார். கோள் ஒன்று இருப்பது நிச்சயம் என்று அவர் எழுதவில்லை. இருப்பதற்கு மிக அதிக வாய்ப்பு உண்டு என்றார். வாட்ஸ்அப் செய்தியில் அந்த "வாய்ப்பு" காணாமல் போயிருந்தது.

இது பைத்தியக்கார யோசனை இல்லை. பதினொரு ஆண்டுகளுக்கு முன், 1844இல், ஜெர்மன் வானியலாளர் ஃபிரீட்ரிக் பெஸல் இதே தர்க்கத்தைச் சிரியஸ் விண்மீனுக்குச் சொன்னார். இரவு வானில் மிகப் பிரகாசமான விண்மீன் அது. அது வானத்தில் நேர்கோட்டில் நகரவில்லை, பாம்புபோல் நெளிந்து போகிறது; அருகே கண்ணுக்குத் தெரியாத ஒரு துணை இருக்க வேண்டும் என்றார். கண்ணால் காணாததை எப்படி நம்புவது என்று கேட்டவர்கள் இருந்தார்கள். 1862 ஜனவரி 31 அன்று, அமெரிக்காவில் ஆல்வன் கிரஹாம் கிளார்க், தன் தந்தையோடு சேர்ந்து செய்த 18½ அங்குலப் புதிய லென்ஸைச் சோதிக்கச் சிரியஸ் பக்கம் திருப்பினார். பக்கத்தில் ஒரு சின்னஞ்சிறு புள்ளி. பெஸல் சொன்ன துணை! பூமியின் பருமனுக்குள் ஏறத்தாழ சூரியனின் நிறையை அடக்கிவைத்திருக்கும் வெண்குறுமீன் அது என்பது பின்னால் தெரிந்தது.

அதே 1862இல், ஆகஸ்டில், ஜேக்கப் இறந்தார். உடல்நலம் கெட்டு இங்கிலாந்து திரும்பியவர், பூனாவுக்கு அருகே மலை உச்சியில் ஒரு வானாய்வகம் அமைக்கலாம் என்று ஒன்பது அங்குலத் தொலைநோக்கியோடு மறுபடி கப்பலேறி வந்திருந்தார். பம்பாயில் இறங்கிச் சில நாள்களில், பூனாவை எட்டியதும், உயிர் போய்விட்டது. வயது 48. காற்றுக் குறைந்த உயரத்திலிருந்து பார்த்தால் விண்மீன்கள் தெளிவாகத் தெரியும் என்பது இன்று எல்லோருக்கும் தெரிந்த சங்கதி. ஹவாயிலும் சிலியிலும் மலை ஏறியிருப்பது அதற்காகத்தான்.

சரி, பெஸல் வென்றார், ஜேக்கப் ஏன் தோற்றார்? எனக்கு மிகவும் பிடித்த விளக்கம் இதுதான். 70 ஒபியூக்கி ஒரு சுற்றுச் சுற்ற 88 ஆண்டு ஆகும். ஹெர்ஷல் அதை முதலில் பார்த்தது 1779. ஜேக்கப் எழுதியது 1855. இடையில் 76 ஆண்டு. அதாவது, மனிதர்கள் பார்க்கத் தொடங்கியதிலிருந்து அந்த ஜோடி ஒரு முழுச் சுற்றைக்கூட முடித்திருக்கவில்லை! முழு நீள்வட்டமே கையில் இல்லாதபோது, அதிலிருந்து விலகல் எவ்வளவு என்று எப்படிச் சொல்வது? அதோடு ஆதி அளவுகள் ஒருவருடையவை, நடு அளவுகள் வேறு பலருடையவை. ஆளுக்கு ஆள் கண் மாறும், கருவி மாறும். நான் வேலையில் அன்றாடம் காணும் சங்கதிதான் இது. மூன்று வேறு கணினி அமைப்புகளிலிருந்து தரவை ஒன்றாகக் கொட்டினால், ஒட்டுப்போட்ட இடங்களில் அழகான "போக்கு" ஒன்று தெரியும். மேலாளர் அதை ஸ்லைடில் போட்டுவிடுவார்.

கதை ஜேக்கப்போடு முடியவில்லை. 1890களில் அமெரிக்கரான தாமஸ் சீ அதே 70 ஒபியூக்கியில் இருண்ட துணை ஒன்று 36 ஆண்டுக்கு ஒருமுறை சுற்றுவதாக அறிவித்தார். அவரிடம் ஜேக்கப்பின் நிதானம் இல்லை. 1899இல் ஃபாரஸ்ட் மோல்ட்டன் என்ற இளைஞர் கணக்குப் போட்டுக் காட்டினார்: அப்படி ஒன்று இருந்தால் அந்தக் குடும்பம் நிலைக்காது, சிதறிப்போகும். இன்றைய எண்களை வைத்து நீங்களே பார்க்கலாம். 36 ஆண்டுச் சுற்று என்றால், அந்தத் துணை தன் விண்மீனிலிருந்து பூமி–சூரியன் தூரத்தைப் போல் ஏறத்தாழ 10 மடங்கு தள்ளி இருக்க வேண்டும். ஆனால் இரண்டாவது விண்மீனே ஒவ்வொரு சுற்றிலும் 12 மடங்கு தூரம்வரை கிட்ட வந்துவிடுகிறது. பக்கத்து வீட்டு யானை முற்றத்துக்குள் வந்து போகும்போது கோலம் கலையாமல் இருக்குமா? சீ கோபத்தோடு மறுப்புக் கடிதம் எழுதினார். இதழ் அதைச் சுருக்கித்தான் போட்டது. 1943இல் வேறு இருவர் மூன்றாவது முறையாக இதே ஜோடியில் ஒரு துணையை அறிவித்தார்கள். அதுவும் நிற்கவில்லை. 70 ஒபியூக்கியைச் சுற்றி ஒரு கோள்கூட இதுவரை உறுதியாகவில்லை.

ஆட்டத்தை வைத்துத் துணையைத் தேடிய இன்னொரு பெரிய முயற்சி பென்சில்வேனியாவில் நடந்தது. பீட்டர் வான் டி காம்ப், 1938இலிருந்து, ஆறு ஒளியாண்டு தூரத்தில் உள்ள பர்னார்ட் விண்மீனை ஆண்டுதோறும் படம் எடுத்து, அதன் இடத்தை அளந்துகொண்டே இருந்தார். 1963இல், வியாழனைவிடப் பெரிய ஒரு கோள் அதை ஆட்டுகிறது என்றார். பத்து ஆண்டு பாடப்புத்தகங்களில் அது இருந்தது. 1973இல் அவருடைய வானாய்வகத்தைச் சேர்ந்த ஜான் ஹெர்ஷியே அதே தொலைநோக்கியில் எடுத்த வேறொரு விண்மீனின் படங்களை ஆராய்ந்தார். பர்னார்ட் எந்த ஆண்டு "ஆடியதோ" அந்த ஆண்டு அந்த விண்மீனும் ஆடியிருந்தது. 1949இல் தொலைநோக்கியின் லென்ஸைக் கழற்றிச் சரிசெய்து மாட்டியிருந்தார்கள். ஆடியது கருவி! வான் டி காம்ப் கடைசிவரை ஏற்றுக்கொள்ளவில்லை. 2024, 2025இல் பர்னார்டைச் சுற்றி நான்கு சின்னஞ்சிறு கோள்கள் உறுதியாயின. பூமியைவிட நிறை குறைந்தவை. வான் டி காம்ப் சொன்ன பூதத்துக்கும் இவற்றுக்கும் ஒரு தொடர்பும் கிடையாது.

இனி நம் கனடாக்காரர்கள் கதை. இதைப் பள்ளியில் எனக்கு ஒருவரும் சொல்லித் தரவில்லை, உங்களுக்கும் சொல்லியிருக்க மாட்டார்கள்.

புரூஸ் கேம்ப்பெல், கோர்டன் வாக்கர், ஸ்டீஃபன்சன் யாங் ஆகியோர் பிரிட்டிஷ் கொலம்பியாவில் இருந்தவர்கள். விண்மீன் வானத்தில் இடம் மாறுவதை அளப்பதை விட்டுவிட்டு, அது நம்மை நோக்கியும் விலகியும் ஆடும் வேகத்தை அளக்கலாம் என்று இறங்கினார்கள். ஆம்புலன்ஸ் நெருங்கும்போது சத்தம் கூர்மையாவதுபோல, நெருங்கும் விண்மீனின் ஒளி கொஞ்சம் நீலப் பக்கம் நகரும். அந்த நகர்வை அளக்க நம்பகமான அளவுகோல் வேண்டும். அதற்காக விண்மீன் ஒளியை ஹைட்ரஜன் புளூரைடு வாயு நிறைந்த ஒரு கலத்தின் வழியே அனுப்பினார்கள். கண்ணாடியையே அரிக்கும் நச்சு வாயு அது. அதை ஹவாயின் மௌனா கியா மலை உச்சிக்குக் கொண்டுபோய், சூடாக்கி, இரவெல்லாம் பக்கத்தில் வைத்துக்கொண்டு வேலை செய்தார்கள். நொடிக்கு 13 மீட்டர், அதாவது வேகமாகப் போகும் ஒரு சைக்கிள்காரரின் வேகம் அளவுக்கு ஒரு விண்மீன் ஆடினாலும் பிடித்துவிடும் துல்லியம்.

காமா செஃபேய் என்ற விண்மீனில் 1988இல் அவர்களுக்கு இரண்டு ஆட்டங்கள் கிடைத்தன. ஒன்று மிகப் பெரியது, மிக மெதுவானது: அதுவரை யாருக்கும் தெரியாத ஒரு துணை விண்மீன். அதற்கு மேல் சிற்றலைபோல் இன்னொன்று, இரண்டரை ஆண்டுகளுக்குச் சற்று அதிகமான சுற்றோடு: கோளாக இருக்கலாம். "இருக்கலாம்" என்றே எழுதினார்கள். பிறகு மேலும் தரவு சேர்ந்ததும் சந்தேகம் வந்தது. விண்மீனே சுழலும்போது அதன் மேலுள்ள புள்ளிகள் இப்படி ஒரு பொய் அலையைத் தரலாமே? 1992இல் அப்படித்தான் இருக்கும் என்று தாங்களே எழுதிப் பின்வாங்கினார்கள்.

1995இல் சுவிட்சர்லாந்தின் மிஷேல் மேயரும் டிடியே கெலோவும் 51 பெகாசி என்ற விண்மீனின் கோளை அறிவித்தார்கள். 2019இல் நோபல் பரிசும் கிடைத்தது. 2003இல் காமா செஃபேயின் அலை மறுபடி ஆராயப்பட்டது. அது புள்ளி இல்லை. கோள்தான். கனடாக்காரர்கள் முதலில் சந்தேகப்பட்டது சரியாகவே இருந்தது.

ஜேக்கப் அவசரப்பட்டார், இவர்கள் தயங்கினார்கள் என்று எளிதாகச் சொல்லிவிடலாம். எனக்கு அப்படித் தோன்றவில்லை. இரண்டு பேரும் கையிலிருந்த தரவுக்குத் தக்கபடியே எழுதினார்கள். 1992இல் காமா செஃபேயை எல்லோரும் பூதாகாரமான விண்மீன் என்று வகைப்படுத்தியிருந்தார்கள். அப்படிப்பட்ட விண்மீன் மெதுவாகத்தான் சுழலும், அந்தச் சந்தேகம் நியாயமானதே. பரிசு கிடைக்காமல் போனது வேறு வருத்தம்.

இன்று கோள் தேடுவது பெரும்பாலும் வேறு வழியில். கோள் தன் விண்மீனுக்கு முன்னால் கடக்கும்போது ஒளி கொஞ்சம் மங்கும். 2009இல் ஏவிய கெப்ளர் விண்கலம் ஆயிரக்கணக்கில் இப்படி மங்கல்களைப் பிடித்தது. துணை விண்மீன்கள் இங்கே புதிய வடிவில் தொல்லை கொடுக்கின்றன. கெப்ளரின் படத்தில் ஒரே புள்ளியாகத் தெரிவது உண்மையில் இரண்டு விண்மீன்களாக இருந்தால்?

கணக்கைப் பாருங்கள். ஒரு கோள் தன் விண்மீனின் ஒளியில் நூற்றில் ஒரு பங்கை மறைக்கிறது என்று வையுங்கள். பரப்பு நூற்றில் ஒன்று என்றால் ஆரம் பத்தில் ஒன்று. இப்போது அதே அளவு ஒளியுள்ள துணை ஒன்று பக்கத்தில் ஒளிந்திருக்கிறது. மொத்த ஒளி இரட்டிப்பு, எனவே மங்கல் இருநூற்றில் ஒன்றாகத்தான் தெரியும். நாம் கோளின் ஆரம் பதினான்கில் ஒன்று என்று எழுதிவிடுவோம். பாறைக்கோள் என்று நினைத்துக் கொண்டாடுவது உண்மையில் வாயு உருண்டையாக இருக்கலாம். அதைவிட மோசமான ஏமாற்றும் உண்டு. ஒன்றையொன்று மறைக்கும் இரண்டு விண்மீன்கள் பின்னணியில் எங்கோ இருந்து, அந்தப் பெரிய மறைப்பு முன்னால் உள்ள விண்மீனின் ஒளியில் கரைந்து, பார்க்க ஒரு கோளின் மங்கல் மாதிரியே தெரியும்.

அதனால் கோள் இருக்கலாம் என்று சந்தேகிக்கும் ஒவ்வொரு விண்மீனையும் கூர்ந்து படமெடுத்து, பக்கத்தில் துணை ஒளிந்திருக்கிறதா என்று பார்ப்பது இன்று தனி வேலை. காற்றின் துள்ளலை வெல்ல இரண்டு வழிகள். ஒன்று, 1970இல் பிரெஞ்சுக்காரர் அன்டுவான் லபேரி சொன்னது: நொடியில் நூற்றில் சில பங்கு நேரமே நீடிக்கும் படங்களை ஆயிரக்கணக்கில் எடு; அவ்வளவு குறுகிய நேரத்தில் காற்று உறைந்துதான் இருக்கும்; பிறகு கணிதத்தால் சேர்த்துக்கொள். ஹவாயிலும் சிலியிலும் உள்ள ஜெமினி தொலைநோக்கிகளில் இதைச் செய்யும் கருவிகளுக்கு ஹவாய் மொழியிலும் ஸ்பானியத்திலும் நரி என்று பெயர். மற்ற வழி, காற்றின் கலக்கத்தை லேசர் கொண்டு அளந்து, அதற்கு எதிராகக் கண்ணாடியையே நொடிக்குப் பல நூறு முறை நெளிப்பது. இதைத் தானாகவே செய்யும் ரோபோ-ஏஓ என்ற கருவி, கலிபோர்னியாவின் கால்டெக்கும் புனேயில் உள்ள ஐயூகா வானியல் மையமும் சேர்ந்து உருவாக்கியது. ஆம், ஜேக்கப் தொலைநோக்கியோடு வந்து சேர்ந்த அதே பூனா. அந்தக் கருவி கெப்ளர் சந்தேகித்த விண்மீன்கள் ஏறத்தாழ எல்லாவற்றையும், 3,800க்கு மேல், ஒவ்வொன்றாகப் பார்த்தது. நான்கு விகலைக்குள் ஏழில் ஒன்றுக்குப் பக்கத்தில் இன்னொரு விண்மீன் இருந்தது.

பக்கத்தில் இருப்பது நிஜத் துணையா, தற்செயலாக ஒரே திசையில் தெரிவதா? மிட்செல் 1767இல் கேட்ட கேள்வி அப்படியே திரும்பி வருகிறது. பதில் சொல்ல ஐரோப்பாவின் காயா விண்கலம் உதவுகிறது. 2013இல் புறப்பட்டு, நூறு கோடிக்கு மேற்பட்ட விண்மீன்களின் இடத்தைத் திரும்பத் திரும்ப அளந்தது. இரண்டும் ஒரே தூரத்தில், ஒரே திசையில் சேர்ந்து நகர்ந்தால் அவை ஜோடி. அதே தரவிலிருந்து, விண்மீன் இடம் மாறி ஆடுவதை வைத்தே, 2025இல் காயா-4பி என்ற கோள் உறுதியானது. ஜேக்கப் மதராஸில் 1855இல் முயன்ற அதே முறை. அவரிடம் இருந்தது சிலந்தி நூலும் சுமார் ஆறு அங்குலத் தொலைநோக்கியும்.

ஒரே ஒரு விண்மீனை மட்டும் மறந்துவிடாமல் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அதை ரொறன்ரோவிலிருந்தோ லண்டனிலிருந்தோ நாம் பார்க்கவே முடியாது. அடிவானத்துக்கு மேல் வராது. யாழ்ப்பாணத்துக்கோ பாண்டிச்சேரிக்கோ மே மாதம் போனால், இரவில் தெற்கே தாழ்வாகத் தெரியும். ஆல்ஃபா சென்டாரி. 1689 டிசம்பரில் ழான் ரிஷோ என்ற இயேசு சபைப் பாதிரியார் பாண்டிச்சேரியில் இருந்தபடி ஒரு வால்மீனைப் பார்த்துக்கொண்டிருந்தார். அந்த வழியில் இந்த விண்மீன் வந்தது. ஒன்று இரண்டாகத் தெரிந்தது. ஜோடி என்று அதைக் கண்டு எழுதிய முதல் ஆள் அவர். 1915இல் ஜோகன்னஸ்பர்க்கில் ராபர்ட் இன்னஸ் மூன்றாவதாக ஒரு மங்கலான துணையைக் கண்டார்: ப்ராக்சிமா, சூரியனுக்கு மிக அருகில் உள்ள விண்மீன். 2016இல் ப்ராக்சிமாவுக்கு ஒரு கோள் உறுதியானது. ரிஷோ பார்த்த ஜோடியில் சிறியதற்கும் ஒரு கோள் இருப்பதாக 2012இல் பெரிதாக அறிவித்தார்கள். 2015இல், அது தரவு எடுத்த நேரங்களின் இடைவெளியிலிருந்து முளைத்த பேய் என்று தெரிந்தது.

2024 ஆகஸ்டில் ஜேம்ஸ் வெப் தொலைநோக்கி பெரியதைப் படமெடுத்தது. விண்மீன் ஒளியை மறைத்து, துணை விண்மீனின் ஒளியையும் கணித்துக் கழித்த பிறகு, சனிக் கோள் அளவு நிறையுள்ள ஏதோ ஒன்று, மங்கலான ஒரு பொட்டாகத் தெரிந்தது. 2025 பிப்ரவரியிலும் ஏப்ரலிலும் மறுபடி பார்த்தார்கள். இல்லை. விண்மீனுக்கு மிகக் கிட்டப் போய் மறைந்திருக்கலாம் என்று கணக்குகள் சொல்கின்றன. ஆகஸ்டில் வெளியிட்டபோது அதை அவர்கள் கோள் என்று எழுதவில்லை. "வேட்பாளர்" என்றே எழுதினார்கள்.